எட்டாவது அக்காவின் சேலை

டெலிவிஷன் என்பது நமக்கெல்லாம் முதலில் அடுத்த வீட்டுச் சாமான். நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை; பிள்ளைகளிடம் சொன்னால்தான் சிரிக்கிறார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கடைகளுக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்திருந்த எங்கள் வரிசை வீடுகளில் அது ஹாஜியார் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அதற்கு இழுத்து மூடும் மரக்கதவு உண்டு. கதவுக்குப் பூட்டு உண்டு. பூட்டின் சாவி ஹாஜியாரின் மனைவி இடுப்பில் உண்டு. அவரை நாங்கள் எல்லோரும் உம்மா என்றுதான் கூப்பிட்டோம். சனிக்கிழமை மாலை அந்தச் சாவி குலுங்கும் சத்தத்துக்காக வாரம் முழுக்கக் காத்துக் கிடந்தவள் நான். அவருடைய மகன் முற்றத்தில் நின்று மூங்கில் கம்பத்தில் கட்டிய அன்டெனாவைத் திருப்புவான். "இப்ப?" என்பான். உள்ளே இருந்து நாங்கள், "இல்ல, இல்ல... ஆ, வந்திருச்சு!" என்று கத்துவோம்.

வந்தது ஒரு ராஜா காலத்துச் சிங்கள நாடகம். நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் ஒரு குகை, குகைக்குள் ஏழு சகோதரிகள். ஒவ்வொருத்திக்கும் ஒரு சக்தி. ஒருத்தி மழையைக் கூப்பிடுவாள். ஒருத்தி அரண்மனையில் பேசுவதைக் காட்டிலிருந்தே கேட்பாள். ஒருத்தி நெருப்பைக் கையில் அள்ளுவாள். ராஜாவின் ஆட்கள் அவர்களைப் பிடிக்க வருவார்கள், முகத்தில் கரி பூசிக்கொண்டு திரும்பிப் போவார்கள். கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனால் இன்றைக்கும் என் கனவில் அந்த நீர்வீழ்ச்சி நீலமாகத்தான் விழுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆற்று மணலில் அந்த ஏழு பேரும் நாங்களே. மழை அக்கா யார் என்பதில் தலைமுடி பிடிச் சண்டை நடக்கும். எனக்கு எப்போதும் கிடைத்தது கல்லாக மாறும் அக்கா. அவளுக்கு வசனம் கிடையாது. எதிரி வந்தால் அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். எறும்பு கடித்தாலும் நின்றேன். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, ஏனென்றால் மற்றவர்கள் சும்மா நடித்தார்கள். நிஜமான சக்திக்காரி ஒருத்தி என் வீட்டிலேயே இருந்தாள்.

என் அத்தை, அப்பாவின் அக்கா. மாமா செத்த பிறகு எங்களோடு வந்து இருந்தாள். பகலில் ஒரு வாசனைச் சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை. அவள் மடியில் தலை வைத்தால் பாயாச வாசம் அடிக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் முன்னறை மூலையில் மாரியம்மன் படத்துக்கு முன்னால் உட்காருவாள். சாமி வரும். குறி சொல்வாள். கும்பிடுகிறவர்கள் வெற்றிலையும் தேசிக்காயும் கற்பூரமும் கொண்டுவந்தால் போதும்.

அத்தைக்குச் சாமி வருவது ஆர்ப்பாட்டமான விஷயம் அல்ல. முதலில் கொட்டாவி வரும். தாடை கழன்றுவிடுமோ என்று பார்ப்பவர்கள் பயப்படுகிற அளவுக்கு நீளமான கொட்டாவி. அது முடிவதற்குள் இன்னொன்று வரும். கண்களில் நீர் கட்டும். பிறகு இடது காலின் கட்டைவிரல் தரையை அழுத்தும். அதற்குப் பிறகு பேசும் குரல் அத்தையுடையது அல்ல. தமிழ் தெரிந்த ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு சிங்களப் பெண்கள் மடவளைப் பக்கமிருந்தும் வந்தார்கள். உம்மாகூட ஒரு தரம் மருமகளுக்காகப் பின்கதவால் வந்தார். எத்தனையோ குழந்தைகள் அந்த அறையில் தாயின் மடியில் இருந்து பார்த்திருக்கின்றன. அந்தக் கொட்டாவிக்கு ஒருவரும் சிரித்ததில்லை.

அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. "வயிறு காஞ்சு வந்தவகிட்ட ஆத்தா பேச மாட்டா. மொதல்ல சாப்புடு." யார் வந்தாலும் இதுதான். பருப்பும் பலாக்கொட்டைக் கறியும் தேங்காய்ப்பூ கலந்த கீரை மல்லுங்கும் வைத்துச் சோறு போட்ட பிறகுதான் படத்துக்கு விளக்கேற்றுவாள். வெள்ளிக்கிழமைகளில் அம்மா தேங்காய் துருவித் துருவிக் கை நொந்து, "நம்ம வீடு என்ன சாப்பாட்டுக் கடையா?" என்று அடுப்படியில் முணுமுணுப்பாள். அத்தை காதில் விழும், ஆனால் விழாது.

சேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடித் திருவிழாவில் ஆற்றோரத் தகரக் கூரைக் கோயிலில் அம்மனுக்குச் சாத்திய சேலையை, சாமி வருகிற பெண்ணுக்கு எங்கள் ஆட்கள் கொடுத்துவிடுவார்கள். அதைக் கட்டிக்கொண்டுதான் அவள் அடுத்தடுத்த வருஷங்களில் கரகம் எடுக்க வேண்டும். வேறு சேலை ஆகாது. அத்தையிடம் இருந்தது மஞ்சள் சேலை, சிவப்புக் கரை. வெள்ளிக்கிழமை குறி சொல்லும்போதும் அதைத்தான் கட்டுவாள். ஒரு வருஷம் கற்பூரம் விழுந்து முந்தானையில் ஓட்டை. அம்மா எனக்குச் சின்னதாகிப்போன கவுனில் ஒரு சதுரம் வெட்டி ஒட்டுப் போட்டாள். நடுவில் ஒரே ஒரு பெரிய பூ. சாமியின் சேலையில் என் கவுன் ஒட்டியிருப்பதை நான் பள்ளிக்கூடத்தில் சொல்லாத ஆள் இல்லை.

நோனா என்று நாங்கள் கூப்பிட்ட சிங்களச் சீமாட்டியை அழைத்து வந்தது அப்பா.

அப்பா கண்டியில் ஒரு முதலாளியின் வேன் ஓட்டினார். கொழும்பு ஆட்களை ஏற்றி ஹந்தானை, திகன, தலதா மாளிகை என்று சுற்றுவார். வேலையைப் பற்றி வீட்டில் பேச மாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குப் பின்னால் வாசலில் ஒரு வெள்ளைச் சேலை நின்றது. ஓடிக்கொலோன் வாசம் அவளுக்கு முன்னால் உள்ளே வந்தது.

"மொதலாளிக்குச் சொந்தக்காரங்க அக்கா. புள்ள தவறிப்போச்சாம். மனசு ஒரு நெலையில இல்ல. ஒரு தடவ பாரேன்" என்றார் அப்பா.

"அதுக்கு ஏன்டா இப்புடி நெளியிற? உள்ள கூட்டியா. சாப்புட்டாங்களா கேளு" என்றாள் அத்தை.

நோனாவுக்குத் தமிழ் தெரியாது. அத்தைக்குக் கடைத்தெருச் சிங்களம் தெரியும். ஆனால் சாமிக்குத் தமிழ் மட்டும்தான். தெருவில் விளையாடியே சிங்களம் படித்தவள் நான் என்பதால் என்னை இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். பத்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் வசனமுள்ள வேடம் அது. ஆத்தா சொல்வதை நான் சிங்களத்தில் சொன்னேன். நோனா கேட்பதை அத்தைக்குத் தமிழில் சொன்னேன். நோனா என் கன்னத்தைத் தட்டி, கைப்பையிலிருந்து டொபி எடுத்துத் தந்தாள். ஆமை ஓட்டு நிறத்தில் ஒரு சீப்பும் தந்தாள். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தாள். எங்கள் சோற்றைத் தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டாள். பலாக்கொட்டையை இன்னும் கேட்டு வாங்கினாள். தன் முறை முடிந்தாலும் போகாமல், மற்றவர்களுக்கு அத்தை குறி சொல்வதை மூலையில் இருந்து பார்த்தாள். என்னிடம் என்னென்னவோ கேட்பாள். கொட்டாவி வரும்போது அத்தைக்கு வலிக்குமா? முடியை முதலில் அவிழ்ப்பாளா, அது தானாக அவிழுமா? எந்தக் கால் விரல்? அத்தை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். துக்கக்காரி எதையாவது கேட்டு மனதை ஆற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தாள்.

அம்மாவுக்கு மட்டும் ஏதோ இடித்தது. "அண்ணி, நானும் பாக்குறேன். அந்தம்மா அம்புட்டு அழுவுது, மூக்கு செவக்கவே இல்லியே?"

"வாய மூடு புள்ள. பெத்துப் பறிகொடுத்தவளப் பத்திப் பேசுற."

"மூக்கு செவக்காம எவ அழுவா?" என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அப்பா அன்றைக்கு அம்மாவைத் திட்டிய திட்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு கோபம் எதற்கு என்று அப்போதே தோன்றியது.

கடைசியாக வந்த வெள்ளிக்கிழமை நோனா தரையில் விழுந்து அழுதாள். சாமி வந்திருந்த அத்தை அவளுடைய தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அழாதடி பொண்ணே. ஒன் வயித்துல நானே வந்து பொறப்பேன்" என்றாள். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வாக்கை நான் கேட்டதில்லை. எனக்கே அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதைச் சொன்னேன். நோனா மடியிலிருந்து தலையைத் தூக்கி, "இன்னொரு தரம் சொல்லு மகள்" என்றாள். சொன்னேன். "இன்னொரு தரம்." அவளுக்கு அவ்வளவு ஆறுதலாக இருக்கிறது என்று எண்ணிச் சந்தோஷமாகத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சாமி இறங்கியதும் அத்தை அந்தச் சேலையை அவிழ்த்து வைத்துவிட்டு வேறு கட்டிக்கொண்டு வந்தாள். மஞ்சள் சேலையை மடித்து நோனா கையில் வைத்தாள். பிள்ளைக்கு ஏங்குகிறவள் அம்மன் சேலையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினால் வயிறு திறக்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. ஆனால் தெரிந்த வீட்டுப் பெண்ணுக்குக்கூட அத்தை அதைக் கொடுத்ததில்லை.

"ஆடி பொறக்க முன்னாடி கொண்டாந்து குடுத்துரணும்னு சொல்லு. அது இல்லாம நான் கரகம் எடுக்க ஏலாது."

சொன்னேன். நோனா விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொண்டுவருவேன் என்றாள். அப்பா வாசலில் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. ஆனாலும் அத்தை ஒவ்வொரு தரமும் நோனாவின் பங்குச் சோற்றை மூடி வைத்தாள். "சேல என்னடா ஆச்சு தம்பி?" என்று கேட்டால் அப்பா, "வருவாங்க அக்கா, வேலையா இருக்காங்க" என்பார். கோயிலில் பந்தலுக்குக் கம்பு நட்டுவிட்டார்கள். கரகத்துக்குப் பூ கட்டுகிறவர் வந்து அத்தையிடம் பேசிவிட்டுப் போனார். அத்தை அலுமாரியைத் திறந்து, சேலை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு மூடுவாள். பிள்ளை உண்டாகியிருக்குமோ, அதனால்தான் பயணம் செய்யாமல் இருக்கிறாளோ என்றுகூட ஒரு நாள் சொன்னாள். முகத்தில் அப்படி ஒரு ஆசை.

அந்தச் சனிக்கிழமை உம்மா எங்கள் வாசலுக்கே வந்தார். "எந்த நேரமும் வீட்டுக்குள்ளயே இருந்தா எப்படி? வாங்க, அந்த ஏழு பொண்டுகள்ட கதையப் பாருங்க. இன்டைக்கு எட்டாவது ஒருத்தி வாறாளாம்." அத்தை டெலிவிஷன் பார்ப்பதே இல்லை. அன்றைக்கு என்ன தோன்றியதோ, என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

"நீ எதுக்கு அங்க? கண்ணு வலிக்கும் அக்கா" என்றார் அப்பா.

"சும்மா இருடா, புள்ள ஆசைப்படுது."

அப்பா ஹாஜியார் வீட்டில் கால் வைத்ததே இல்லை. அன்றைக்கு எங்களுக்குப் பின்னாலேயே வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார். அத்தைக்கு உம்மா கதிரை போட்டார். தெருப் பிள்ளைகள் எல்லோரும் பாயில் இருந்தோம்.

ராணிக்குப் பிரசவ நேரம். அரண்மனைக் கதவு திறக்கிறது. ஒரு பெண் உள்ளே வருகிறாள். நான்தான் முதலில் கத்தினேன்: "அத்தை! நம்ம நோனா!"

அறையே குதித்தது. "ஓம், நம்மட நோனா தானே! இந்த வீட்டுப் பக்கமெல்லாம் வந்தவதானே!" என்று உம்மா கையைத் தட்டினார். பிள்ளைகள் என்னைப் பொறாமையோடு திரும்பிப் பார்த்தார்கள். அத்தை இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து, "அட, ஆமா. ஆத்தா! எம்புட்டு அழகா இருக்கா" என்றாள். அந்தச் சில நொடிகள் நாங்கள் இருவரும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றி எரிகிறது.

அப்பா நகர்ந்து பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார். "போதும், கரண்ட் போகப் போவுது" என்றார். உம்மாவின் மகன், "மறைக்காதீங்க, தள்ளுங்க" என்று அவரைத் தள்ளினான்.

அப்போது நோனா கொட்டாவி விட்டாள்.

நீளமான கொட்டாவி, அத்தையுடையதைவிடப் பெரியது. இன்னொன்று. முடி அவிழ்ந்தது. இடது காலை மட்டும் கிட்டத்தில் காட்டினார்கள். கட்டைவிரல் தரையை அழுத்தியது. எட்டாவது சகோதரி நல்லவள் அல்ல. பிறந்த குழந்தைகளைத் தின்பவள். மற்ற ஏழு பேரும் துரத்திவிட்டவள். அவள் மேல் ஒரு சேலை. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் மஞ்சள் தெரியவில்லை, சிவப்பும் தெரியவில்லை. அவள் சுழன்றபோது முந்தானையில் சதுர ஒட்டு தெரிந்தது. அதன் நடுவில் என் கவுனின் பூ இருந்தது.

ராணியின் வயிற்றில் கையை வைத்து அவள் சொன்னாள்: "அழாதே பெண்ணே. உன் வயிற்றில் நானே வந்து பிறப்பேன்." சிங்களத்தில் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்த அதே சிங்களம், அதே இழுவை. ராணி அலறினாள். பிள்ளைகளில் யாரோ பயத்தில் கத்த, யாரோ சிரிக்க, சிரிப்பு பாய் முழுக்கப் பரவியது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். உம்மா எழுந்து மரக்கதவை இழுத்து மூடினார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அத்தை எழுந்து, முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். முகம் கழுவப் பின்பக்கம் போனாள்.

அம்மாவிடம் நான் சொல்லி முடிக்கவில்லை, அவள் அப்பாவின் முன்னால் போய் நின்றாள். "ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அப்பா தாழ்ந்த குரலில் சொன்னார். "சாமியாடுற பொம்பள யாராச்சும் தெரியுமான்னு கேட்டாங்க. எங்க அக்கான்னு சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். நல்லபடியா காட்டுறோம்னாங்க."

"அப்ப அத அண்ணிகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிட்டுக் கேட்டா அக்கா சம்மதிச்சிருக்குமா?"

அத்தை கிணற்றடியில்தான் இருக்கிறாள், காதில் விழவில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். நோனாவுக்குச் செத்த பிள்ளையும் கிடையாது, அவள் முதலாளிக்குச் சொந்தமும் கிடையாது. படப்பிடிப்பு ஹந்தானை அடிவாரத்தில் நடந்திருக்கிறது. நடிகர்களை ஏற்றி இறக்கியது அப்பாவின் வேன். கொட்டாவி எந்த இடத்தில் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் கை அதற்கு முன்பே பெட்டியை நோக்கிப் போனது. நோனா ஒரு நடிகை, அவள் தொழிலைப் பார்த்தாள் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லலாம். என்னால் மன்னிக்க முடியாதது, அழுகிற பெண்ணுக்கு அக்கா எதையும் கொடுப்பாள் என்று அறிந்து அழுகிறவளைக் கூட்டிக்கொண்டு வந்த தம்பியை.

ஞாயிற்றுக்கிழமை மணலில் எனக்குக் கல் வேடம் தரவில்லை. "நீதான் எட்டாமவ. ஒங்க அத்தைதானே" என்றார்கள். கொட்டாவி விடச் சொன்னார்கள். நான் விடவில்லை. அவர்கள் எல்லோரும் விட்டார்கள். சீப்பை ஆற்றில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஆடி வந்தது. சேலை வரவில்லை. கோயில்காரர்கள் புதுச் சேலை ஒன்றை அம்மன் காலடியில் வைத்து எடுத்துக் கொடுத்தார்கள். அத்தை கட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் நின்றாள். உடுக்கை அடித்தார்கள். பம்பை அடித்தார்கள். அவளுடைய தாடை அசைந்தது. கொட்டாவி வரத் தொடங்கியது, உண்மையான கொட்டாவி, அவளுடையது. கூட்டத்தில் ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். அத்தையும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கை எடுக்கவே இல்லை. கரகம் அந்த வருஷம் வேறு ஒருத்தி எடுத்தாள். அதற்குப் பிறகு சாமி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தூக்கத்துக்குக் கொட்டாவி வந்தால்கூட அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள்.

ஆனால் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி என்றுதான் கூப்பிட்டாள். அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். இதில் தன் பங்கு அவளுக்குத் தெரியாது என்று அப்பா நிம்மதியாக இருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன், நான் கலியாணம் முடித்துப் பிள்ளை பெற்று, அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர்கள் சொன்ன வருஷம் வரைக்கும்.

மறுநாள் கண்டி பெரியாஸ்பத்திரியில் கட்டியை வெட்டி எடுக்க வேண்டும். முதல் நாள் பின்னேரமே வந்து படுக்கச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குப் பகலில் அப்பா அத்தையின் முன்னால் போய் உட்கார்ந்தார். அத்தைக்கு முடி முழுக்க நரைத்துவிட்டிருந்தது.

"அக்கா, பயமா இருக்கு. எனக்கு ஒரே ஒரு குறி பாத்துச் சொல்லு அக்கா."

அத்தை எழுந்து அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "மொதல்ல சாப்புடு" என்றாள்.

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நாட்கணக்காகக் கஞ்சிகூட இறங்காத மனிதர், அவள் போட்ட சோற்றைப் பருக்கை விடாமல் சாப்பிட்டார். பலாக்கொட்டைக் கறி வைத்திருந்தாள். அத்தை தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அப்பா கும்பிட்ட கையோடு மாரியம்மன் படத்துக்கு முன்னால் இருந்தார்.

"பாக்குறியா அக்கா?"

"நோனாகிட்டக் கேளு தம்பி. சேல அவகிட்டத்தானே இருக்கு."

சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவருடைய சாரத்தையும் துவாயையும் ஒழுங்காக மடித்துப் பையில் வைத்தாள்.